பொதுக் குப்பைத் தொட்டியும் ஒரு கணக்கும்

குப்பைத் தொட்டிக்கும் இயற்பியலுக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். தொடர்பு உண்டு. அதை அறிய, அயல்நாட்டு நகரொன்றில் எழுந்த ஒரு தகராற்றை எடுத்துக்கொள்வோம்.

ஸ்காட்லாந்தின் தலைநகர் எடின்பரோ. அங்குள்ள ‘புதிய நகர்’ பெயரளவில்தான் புதியது, 1767-இல் திட்டமிடப்பட்டது. 1995-இல் பழைய நகருடன் சேர்ந்து உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. இப்பகுதியின் சில தெருக்களில் மக்கள் குப்பையைத் தடித்த பைகளில் இட்டுத் தத்தம் வாசலில் வைத்து வந்தனர். கடற்புறாக்களால் கிழிக்க முடியாத பைகள் அவை. 2020-களின் தொடக்கத்தில் மாநகராட்சி இம்முறையை மாற்ற முனைந்தது. வீடுகளிலிருந்து சுமார் 50 மீட்டர் நடைதூரத்துக்குள் பெரிய பொதுத் தொட்டிகளை வரிசையாக நிறுத்துவது திட்டம். குடியிருப்போர் பலர் எதிர்த்தனர். யார் பக்கம் நியாயம்?

மாநகராட்சியின் கணக்கு

ஒரு வீட்டில் வாரந்தோறும் ஒரே அளவு குப்பை சேர்வதில்லை. சராசரி 100 லிட்டர் என்றும், அது வழக்கமாக 30 லிட்டர் கூடவோ குறையவோ செய்யும் என்றும் வைத்துக்கொள்வோம். தொட்டி வழியாதிருக்க, இந்த ஏற்ற இறக்கத்தைப் போல் இரு மடங்கு இடம் கூடுதலாக விடவேண்டும். ஆகவே வீட்டுக்கு 160 லிட்டர். 25 வீடுகளுக்கு 4,000 லிட்டர்.

இனி 25 வீடுகளுக்கும் பொதுவாக ஒரே இடம் என்போம். சராசரி 2,500 லிட்டர். ஏற்ற இறக்கமும் 25 மடங்காகுமா? ஆகாது. ஒரு வீட்டில் கூடும்போது மற்றொரு வீட்டில் குறையும். ஆதலால் அது 25-இன் வர்க்கமூலமான 5 மடங்கே பெருகும். அதாவது 150 லிட்டர். அதன் இரு மடங்கைச் சேர்த்தால் 2,800 லிட்டர் போதும். மிச்சம் 1,200 லிட்டர்! லாரியும் 25 வாசல்களில் நிற்க வேண்டியதில்லை. ஓரிடத்தில் நின்றால் போதும். மிஞ்சும் நேரத்தில் அடிக்கடி வரலாம்.

சிறு பெட்டியிலுள்ள கோடானுகோடி வாயு மூலக்கூறுகள் தாறுமாறாக ஓடியும் அழுத்தம் நிலையாக இருப்பது இதே விதியால்தான்.

கணக்கு இடறும் இடங்கள்

இவ்விதிக்கு ஒரு நிபந்தனை உண்டு. ஒவ்வொரு வீடும் மற்றதைச் சாராமல் இயங்கவேண்டும். பண்டிகை நாளில் அப்படியா? எல்லா வீட்டிலும் ஒருசேரக் குப்பை கூடும். அப்போது ஏற்ற இறக்கம் 5 மடங்கன்று, 25 மடங்கையே நெருங்கும். 2022 ஆகஸ்டில் எடின்பரோவின் துப்புரவுப் பணியாளர்கள் ஊதிய உயர்வு கோரிச் சுமார் 12 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தனர். நகரின் கலைவிழாக் காலம் அது. தொட்டிகள் வழிந்து, தெருவெல்லாம் குப்பை குவிந்தது.

இரண்டாவது, சராசரி என்பது நன்மையைப் பங்கிட்டுக் காட்டும், தொல்லையைக் காட்டாது. 25 வீடுகளுக்கும் பயன் உண்டு. ஆனால் தொட்டியின் நாற்றமும், கண்ணாடிப் புட்டிகள் விழும் ஓசையும் அதற்கு நேரெதிரே உள்ள ஓரிரு வீடுகளுக்கே. தொலைவு கூடக் கூட இரண்டும் விரைந்து தேய்ந்துவிடும். மாடிப்படி இறங்கி 50 மீட்டர் நடப்பது இளைஞருக்கு ஒன்றுமில்லை, முதியவருக்கு அப்படியன்று.

மூன்றாவது, பொறுப்பு. என் தொட்டியில் தவறான பொருள் கிடந்தால் போட்டவர் யார் என்பது தெரியும். பொதுத் தொட்டியில் தெரியாது. காகிதத் தொட்டியில் ஒருவர் எச்சில் உணவைக் கொட்டினால், மற்ற 24 வீட்டாரும் கவனமாகப் பிரித்துப் போட்ட காகிதம் பாழாகும்.

ஆகவே, எதிர்ப்பவர்கள் அறியாமையால் எதிர்க்கிறார்கள் என்று தள்ளிவிட முடியாது. மாநகராட்சியின் கணக்கும் பிழையன்று. அது முழுக் கணக்கு அன்று, அவ்வளவே. பண்டிகை வாரத்தில் லாரி எத்தனை முறை வரும்? தொட்டி யார் வாசலில் நிற்கும்? நடக்க இயலாதவருக்கு என்ன வழி? இம்மூன்றுக்கும் விடை சேர்ந்தால்தான் கணக்கு முழுமை பெறும்.

உங்கள் வீட்டிலும் அண்டை வீடுகள் நான்கிலும் ஒரு மாதம் நாள்தோறும் சேரும் குப்பையை வாளியால் அளந்து குறித்துப் பாருங்கள். ஐந்து வீடுகளின் கூட்டுத்தொகை எவ்வளவு ஏறி இறங்குகிறது என்று கணக்கிடுங்கள். வர்க்கமூல விதி எந்த நாட்களில் பொருந்துகிறது, எந்த நாட்களில் பொய்க்கிறது என்பது உங்கள் குறிப்பேட்டிலேயே தெரிந்துவிடும்.