திரைவாசிப்பியும் தமிழ்க் கோப்பும்

பார்வையற்றோருக்குக் கணினித் திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் மென்பொருளைத் திரைவாசிப்பி என்கிறோம். அது திரையிலுள்ள வடிவங்களைக் காண்பதில்லை என்பது நம்மில் பலர் அறியாதது. சொற்செயலியிடம் அது வினாக்களைத் தொடுக்கிறது: இவ்வுறுப்பின் பெயர் யாது? பணி யாது? இப்போதைய நிலை யாது? விடை கிடைத்தால் ஒலி எழும், கிடைக்காவிடின் மௌனமே.

ஓப்பன் ஆஃபிஸ் சொற்செயலி இதற்குத் தக்க சான்றாகும். தன் பொத்தான்களையும் பட்டியல்களையும் அது தானே வரைந்துகொண்டது. ஆதலால், விண்டோஸில் அவ்விடைகளைக் கொண்டு சேர்க்க, ஜாவா சார்ந்த இணைப்புப் பாலம் ஒன்றைத் தனியே நிறுவ வேண்டியிருந்தது. பின்னர்த் தெரிவுகள் பகுதியில் உதவித் தொழில்நுட்பக் கருவிகளுக்கான ஆதரவு என்னும் கட்டத்தில் குறியிட்டு, மென்பொருளை மூடி மீண்டும் திறக்க வேண்டும். குறியிடும்வரை பேசாத கட்டத்தைப் பார்வையற்றவர் எவ்வாறு கண்டறிவார்? (வடிவமைத்தோர் இதனை எண்ணிப் பார்க்கவில்லை போலும்.) 2014இல் வெளிவந்த அப்பாச்சி ஓப்பன் ஆஃபிஸ் 4.1, ஐஅக்சஸிபிள்2 என்னும் இடைமுகத்தை ஏற்றபின் அப்பாலத்தின் தேவை நீங்கியது.

எனினும் தமிழாசிரியர்க்குச் சிக்கல் அங்கு முடிவதில்லை. நான் 2001இல் தட்டச்சு செய்த பாடக்குறிப்பு ஒன்றைப் பார்வையற்ற மாணவர் ஒருவர் திறந்தார். ஆதரவு இயக்கத்தில் இருந்தது. 2006இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கப்பெற்று இலவசமாகக் கிடைக்கும் என்விடிஏ திரைவாசிப்பியும் ஓடிக்கொண்டிருந்தது. அதனுடன் வரும் ஈஸ்பீக் ஒலிப்பானுக்குத் தமிழும் தெரியும். ஆயினும் அவர் கேட்டது பொருளற்ற இலத்தீன் எழுத்துக் குவியலையே. அக்கோப்பு திஸ்கி குறியாக்கத்தில் அமைந்தது. அத்தகைய 8 பிட் முறைகளில் தமிழ் என்பது எழுத்துரு தரும் தோற்றமே. அடியிலுள்ள எண்களைக் கணினி இலத்தீன் எழுத்துகளாகவே கொள்ளும். மேலும், 'கொ' என்பது கொம்பு, ககரம், கால் எனக் கண்ணுக்குத் தோன்றும் வரிசையில் சேமிக்கப்பட்டது. யூனிகோடிலோ ககரம் முன்னும் உயிர்க்குறி பின்னும் நிற்கும். நாம் ஒலிக்கும் வரிசையும் அதுவே.

குறியாக்க மாற்றி கொண்டு இத்தகைய கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றலாம். மெய்ப்புப் பார்த்தல் இன்றியமையாதது. தலைப்புகளைத் தடித்த எழுத்தால் மட்டும் காட்டாது, சொற்செயலியின் தலைப்புப் பாணியில் அமைத்தால், மாணவர் தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவிச் செல்ல இயலும். வருடியெடுத்த பக்கங்கள் வெறும் படங்கள். எழுத்துணரியின்றி அவை வாய் திறவா. என் குறிப்பினைத் திருத்தி முடிக்க ஒரு மாலைப்பொழுது சென்றது. அக்காலத்தில் எழுதிய ஏனையவை இன்னும் குறுந்தட்டுகளில் கிடக்கின்றன.