மலர்வளையம் மட்டும் போதுமா?

தோழனே! சனவரி 25 வந்துவிட்டால் மூலக்கொத்தளத்தில் கூடுகிறோம். 1939இல் மொழிக்காகச் சிறை சென்று உயிர் நீத்த நடராசனும் தாளமுத்துவும் துயிலும் இடத்தில் மலர்வளையம் வைக்கிறோம். "தமிழ் வாழ்க!" என்று முழங்குகிறோம். முழங்கத்தான் வேண்டும்! ஆனால், அந்த முழக்கம் எழுதிய பதாகையை உன் வீட்டு ஏழு வயதுச் செல்வம் தடங்கலின்றிப் படிக்கிறதா?

கேள்வி குத்துகிறதா? குத்தட்டும்.

துறைமுகத்திலே மூட்டை சுமப்பவன் பிள்ளைக்கு மாநகராட்சிப் பள்ளிதான் கதி, அதுவே கோட்டை. அங்கே ஒரே வகுப்பில் ஒருவன் கதையே படிப்பான்; ஒருத்திக்கு 'அம்மா' மட்டும் தெரியும்; இன்னொருவனுக்கு 'ல'வும் 'ள'வும் ஒன்று. அத்தனை பேருக்கும் ஒரே பாடத்தை ஒரே குரலில் ஓதினால்? முன்னவன் கொட்டாவி விடுவான்; பின்னவன் வாயே திறக்கமாட்டான்.

2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் இதற்கு வழி தேடினார்கள். பாடத்தை அட்டைகளாக்கி, ஏணிப்படிபோல் அடுக்கி, பிள்ளை தன் வேகத்தில் ஏறட்டும் என்றார்கள். ஆசிரியர் நாற்காலியை விட்டுத் தரையில் வந்தமர்ந்தார். செயல்வழிக் கற்றல் என்பது அதன் பெயர். அன்று ஆட்சி நம்முடையதல்ல. இருந்தால் என்ன? நல்லதை நல்லது என்போம்! மாநிலமெங்கும் அதைக் கொண்டுசென்றது கழக ஆட்சி.

கொரோனா பள்ளிகளைப் பூட்டியது, கற்றதும் கரைந்தது. 2022 சூனில் 'எண்ணும் எழுத்தும்' வந்தது. அரும்பு, மொட்டு, மலர் எனப் பிள்ளையின் நிலையறிந்து பாடம். பாட ஓர் இடம், கதைக்கு ஓர் இடம், வாசிக்க ஓர் இடம். எழுத்தை மட்டும் ஓதினால் கிளிப்பிள்ளை. கதையை மட்டும் கேட்டால் ஏடு அறியாப் பிள்ளை. ஒலியை எழுத்தோடும், எழுத்தைச் சொல்லோடும், சொல்லைக் கதையோடும் கட்டவேண்டும். அந்தக் கட்டுமானம்தான் ஆசிரியரின் வேலை.

அதற்குப் பணம் வேண்டாமா? தேசியக் கல்விக் கொள்கைக்குத் தலையாட்டவில்லை என்று 2024-25இல் 2,152 கோடி ரூபாயை நிறுத்திவைத்தது டில்லி. 1938இல் இந்தியைத் திணித்தவர்கள் சிறையைக் காட்டினார்கள். இவர்கள் கசானாவின் பூட்டைக் காட்டினார்கள்!

டில்லியைக் கேட்போம், ஓயமாட்டோம். அதுவரை உன் பிள்ளை காத்திருக்குமா? இன்று மாலை படிப்பகத்துக்குப் போகையில் அதையும் அழைத்துப் போ. நாளேட்டின் தலைப்புச் செய்தியை அது படிக்கட்டும், நீ கேள். திக்கினால் அதட்டாதே.