முகத்தில் தெரியும், வாயில் வராது – அது என்ன?

குழந்தைகளுக்கு மன உணர்ச்சிகளைச் சொல்லித் தர வீட்டிலேயே ஒரு வழி

பரீட்சை நாள். பையன் பாயை விட்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறான். "என்னடா?" என்று கேட்டால், "வயிறு வலிக்கிறது" என்கிறான். தாய் ஓமத் தண்ணீர் கொடுக்கிறாள். வலி நிற்கவில்லை. பள்ளிக்கூட மணி அடித்து நேரம் கடந்ததும், வலி பறந்து போய்விடுகிறது!

பையன் பொய் சொன்னானா? இல்லை. அவன் வயிற்றில் உண்மையாகவே என்னவோ செய்தது. அதற்குப் "பயம்" என்று பெயர். அந்தப் பெயர் அவன் வாயில் வரவில்லை. தெரிந்த பெயரைச் சொன்னான். அவ்வளவுதான்.

இன்னொரு வீடு. புதிதாகத் தம்பிப் பாப்பா பிறந்திருக்கிறான். மூத்த பெண் தன் பொம்மையைத் தானே போட்டு உடைக்கிறாள். கேட்டால் முறைக்கிறாள். அடி விழுகிறது. "அம்மா மடி எனக்கு இல்லையே" என்ற ஏக்கம் அவளுக்கு. சொல்லத் தெரியவில்லை. சொல் இல்லாத இடத்தில் கை பேசுகிறது.

பிள்ளைகளுக்கு ஆயிரம் பெயர்களைச் சொல்லித் தருகிறோம். மாடு, மரம், பஸ், நிலா என்று கையை நீட்டிக் காட்டுகிறோம். பயத்தை எங்கே காட்டுவது? பொறாமையை எந்தக் கடையில் வாங்கி வந்து காட்டுவது?

அதற்கும் ஒரு வழி இருக்கிறது. அது நம் பாட்டிமார் கையாண்ட வழி. விடுகதை!

விடுகதை பொருளைக் காட்டாது. பெயரையும் சொல்லாது. அடையாளத்தை மட்டும் சொல்லும். பெயரைக் குழந்தையே கண்டுபிடிக்க வேண்டும். கண்ணால் பார்க்க முடியாத உணர்ச்சிக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் ஏது?

தொட முடியாததைத் தொட்ட சிறுமி

அமெரிக்காவில் 1880-ம் ஆண்டு பிறந்தவர் ஹெலன் கெல்லர். 19 மாதக் குழந்தையாக இருந்தபோது ஒரு நோய் வந்தது. கண் பார்வை போயிற்று. காதும் கேட்காமல் போயிற்று. பேச்சு வரவில்லை. மனதில் இருப்பதைச் சொல்ல வழியில்லை. கோபம் வந்தால் உதைப்பாள்; கத்துவாள்; களைத்து விழும் வரை அழுவாள்.

1887-ம் ஆண்டு மார்ச் மாதம் ஆன் சல்லிவன் என்ற ஆசிரியை அந்த வீட்டுக்கு வந்தார். குழந்தையின் உள்ளங்கையில் விரலால் எழுத்துக்களைக் காட்டிப் பாடம் சொன்னார். பொம்மை, தண்ணீர் என்று தொட்டுத் தொட்டு ஹெலன் சொற்களைக் கற்றுக்கொண்டாள்.

ஒருநாள் "அன்பு" என்ற சொல் வந்தது. அதை எப்படித் தொடுவது?

பூவின் வாசனைதான் அன்பா என்று ஹெலன் கேட்டாள். இல்லை என்றார் ஆசிரியை. உடம்பில் படும் வெயிலின் இதம்தான் அன்பா என்று கேட்டாள். அதுவும் இல்லை என்றார். குழந்தைக்கு ஏமாற்றம். பிறகு ஒருநாள் ஆசிரியை இப்படி விளக்கினார்: மேகத்தை நாம் தொட முடியாது; ஆனால் அதிலிருந்து விழும் மழை நம் மேல் படுகிறது. அன்பும் அப்படித்தான். அதைத் தொட முடியாது. அது தரும் இனிமையை உணரலாம்.

"இதுவா? அதுவா?" என்று தேடித் தேடி விடை கண்டாள் ஹெலன். விடுகதைக்கு விடை தேடுவதும் இதே மாதிரிதான் அல்லவா? 1903-ல் வெளிவந்த தம் வாழ்க்கை வரலாற்றில் ஹெலன் கெல்லரே இதை எழுதியிருக்கிறார். அவர் 1955-ல் இந்தியாவுக்கும் வந்து போனார்.

தொல்காப்பியத்தில் இருக்கிறது!

இன்று நம் கையில் இருக்கும் தமிழ் நூல்களில் மிகப் பழைய இலக்கணம் தொல்காப்பியம். விடுகதைக்கு அந்த நூல் வைத்திருக்கும் பெயர் "பிசி".

அதே நூலில் உணர்ச்சிகளுக்கென்று தனியாக ஒரு பகுதி உண்டு. அதற்கு "மெய்ப்பாட்டியல்" என்று பெயர். மெய் என்றால் உடம்பு. மனதில் எழுவது உடம்பில் வெளிப்படுகிறது. அதுதான் மெய்ப்பாடு.

உணர்ச்சிகளை எட்டு வகையாகத் தொல்காப்பியம் பிரிக்கிறது. சிரிப்பு, அழுகை, பயம், கோபம், மகிழ்ச்சி, வியப்பு, பெருமிதம், இளிவரல் ஆகியவை அந்த எட்டு. இளிவரல் என்றால் இழிவாக நினைப்பது. ஒவ்வொன்றும் நாலு காரணங்களால் வரும் என்கிறது அந்த நூல். ஆக, 32 காரணங்கள்!

மகிழ்ச்சிக்குச் சொல்லியிருக்கும் நாலு காரணங்களில் ஒன்று என்ன தெரியுமா? விளையாட்டு!

"ஏன் சிணுங்குகிறாய்?" என்று பொதுவாகக் கேட்டால் பிள்ளைக்குப் பதில் தெரியாது. "யாராவது கேலி செய்தார்களா? ஏதாவது தொலைந்து போயிற்றா? களைப்பாக இருக்கிறதா?" என்று பிரித்துக் கேட்டால் பதில் வரும். காரணத்தைப் பிரித்துப் பார்க்கும் அந்தப் பழைய முறை இன்றைக்கும் உதவுகிறது.

ஒரே வயிறு, மூன்று சங்கதி

தமிழில் உடம்பைக் கொண்டே உணர்ச்சியைச் சொல்லும் வழக்கம் ஏராளம். அவற்றையே புதிராகப் போடலாம்.

வயிற்றில் புளியைக் கரைத்தால் என்ன? பயம்.

வயிறு எரிந்தால் என்ன? பொறாமை.

வயிறு குளிர்ந்தால் என்ன? மகிழ்ச்சி.

வயிறு ஒன்றுதான், சங்கதி மூன்று! "உனக்கு இப்போது எந்த வயிறு?" என்று கேட்டுப் பாருங்கள். பரீட்சைக்குப் பயந்த பையன், "புளி வயிறு" என்று சொல்லிவிடுவான். அப்புறம் ஓமத் தண்ணீர் தேவையில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, "எந்தக் கணக்கு கஷ்டமாக இருக்கிறது?" என்று கேட்டால் போதும்.

தொண்டை அடைப்பது, பல்லைக் கடிப்பது, முகம் சுண்டுவது, நெஞ்சு படபடப்பது என்று இன்னும் எத்தனையோ இருக்கின்றன. ஒவ்வொன்றையும் ஒரு சீட்டில் எழுதுங்கள். துக்கம், கோபம், ஏமாற்றம், பயம் என்று வேறு சீட்டுகளில் எழுதுங்கள். பொருத்தச் சொல்லுங்கள். எழுதப் படிக்கவும் பழகியது போல ஆகும்.

திருப்போரூர் காட்டும் பாடம்

சென்னையிலிருந்து பழைய மாமல்லபுரம் சாலையில் போனால் திருப்போரூர் வரும். அங்கே கந்தசாமி கோயில் இருக்கிறது. போர் நடந்த ஊர் என்பதால் போரூர் என்று பெயர் வந்ததாகச் சொல்வார்கள். முருகன் அசுரரோடு திருச்செந்தூரில் கடலிலும், திருப்பரங்குன்றத்தில் நிலத்திலும், திருப்போரூரில் விண்ணிலும் போர் செய்தார் என்பது தல வரலாறு. திருப்போரூரில் அவர் அடக்கியது ஆணவத்தை என்றும் சொல்வார்கள்.

கந்த சஷ்டியில் சூரசம்காரம் பார்க்கக் குழந்தைகள் தகப்பனார் தோளில் ஏறிக்கொள்வார்கள். சூரன் வரும்போது பயம். வேல் பாயும்போது வியப்பு. முடிந்ததும் சிரிப்பு. ஒரு மணி நேரத்தில் எத்தனை உணர்ச்சி! வீடு திரும்பும் வழியில், "எந்த இடத்தில் பயந்தாய்? எந்த இடத்தில் சிரித்தாய்?" என்று கேட்கலாம்.

சற்றுப் பெரிய பிள்ளையாக இருந்தால் இந்தப் புதிரைப் போடலாம்: "பெருமிதம், ஆணவம் இரண்டும் நெஞ்சை நிமிர்த்தும். என்ன வித்தியாசம்?"

பெருமிதம் வருவதற்குத் தொல்காப்பியம் சொல்லும் காரணங்கள் கல்வி, அஞ்சாமை, புகழ், கொடை. பணம் சேர்ப்பது அந்தப் பட்டியலில் இல்லை, கொடுப்பது இருக்கிறது! "நான் நன்றாகப் படித்தேன்" என்பது பெருமிதம். "என்னைப் போல் யாரும் இல்லை" என்பது ஆணவம். இரண்டு சொல்லும் தெரிந்த பிள்ளை, தன் நெஞ்சு எதனால் நிமிர்ந்தது என்று தானே பார்த்துக்கொள்ளும்.

கல்லில் ஒரு முகப் புதிர்

திருப்போரூரிலிருந்து மாமல்லபுரம் சுமார் 15 கிலோமீட்டர். அங்கே பல்லவர் காலத்துச் சிற்பங்களே பெரிய புதிர்ப் புத்தகம்!

அர்ச்சுனன் தபசு என்று சொல்லப்படும் பெரிய பாறையில் ஒரு பூனையைத் தேடச் சொல்லுங்கள். பின்னங்கால்களில் நின்று, முன்னங்கால்களைத் தூக்கித் தவம் செய்கிறது. சுற்றிலும் எலிகள்! "பூனைக்கு உண்மையில் பக்தியா? பசியா? எலி நம்பலாமா?" என்று கேளுங்கள். முகத்தில் காட்டுவது ஒன்று, மனதில் இருப்பது ஒன்றாக இருக்கலாம் என்பது புரிந்துவிடும்.

கிருஷ்ண மண்டபத்தில் ஒருவர் பால் கறக்கிறார். பசு தன் கன்றை நக்கிக் கொடுக்கிறது. அது என்ன உணர்ச்சி? "வாஞ்சை" என்ற அழகான சொல்லை அங்கே சொல்லித் தரலாம்.

கலங்கரை விளக்கத்துக்கு அருகே மகிஷாசுரமர்த்தினி குகை. எட்டுக் கைகளோடு துர்க்கை சிங்கத்தின் மேல் வருகிறாள். எருமைத் தலை அசுரன் பின்வாங்கிச் சாய்கிறான். "அம்மன் முகத்தில் கடுகடுப்பு இருக்கிறதா, பார்!" என்று கேளுங்கள். இருக்காது. கோபப்படாமலும் துணிந்து நிற்கலாம் என்பதை அந்தக் கல் சொல்கிறது.

மாமல்லபுரம் போக முடியாதவர்கள் பழைய காலண்டர் படங்களை எடுத்துக்கொள்ளலாம். கண்ணைத் தனியாக, வாயைத் தனியாகக் கத்தரித்து, "இந்தக் கண்ணுக்கு எந்த வாய்?" என்று சேர்க்கச் சொல்லலாம்.

வீட்டுக்கு ஐந்து விடுகதைகள்

1. அடுப்பு இல்லாமல் கொதிப்பான். தூசி விழாமல் கண் சிவப்பான். தான் இருக்கும் வீட்டையே முதலில் சுடுவான். அவன் யார்?

2. இருட்டில் பெருப்பான், விளக்கைக் கண்டால் சிறுப்பான், தனக்குக் கால் இல்லாதவன், என் காலை ஓட வைப்பான். அவன் யார்?

3. என் இலையில் பாயசம் இருக்கிறது. கண் அடுத்த இலையைப் பார்க்கிறது. பார்க்கப் பார்க்க என் பாயசம் கசக்கிறது. அது என்ன?

4. பஸ்ஸும் போய்விட்டது, பாட்டியும் போய்விட்டாள், வாசலில் இன்னும் ஒன்று நின்றுகொண்டிருக்கிறது. அது என்ன?

5. யாரும் பார்க்கவில்லை, யாரும் கேட்கவில்லை, ஆனாலும் தொண்டையில் சோறு இறங்கவில்லை. அது என்ன?

விடைகள் கடைசியில் இருக்கின்றன. குழந்தை வேறு விடை சொன்னால் "தப்பு" என்று சொல்லாதீர்கள். "ஏன் அப்படி நினைத்தாய்?" என்று கேளுங்கள். சில சமயம் குழந்தையின் விடையே மேலானதாக இருக்கும்!

மூன்று படி

இத்தாலி நாட்டு டாக்டர் மரியா மாண்டிசோரி 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்து, ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். சொல் கற்றுக் கொடுக்க அவர் கையாண்ட முறையில் மூன்று படிகள் உண்டு. முதல் படி, "இது சிவப்பு." இரண்டாம் படி, "சிவப்பை எடு." மூன்றாம் படி, "இது என்ன?" சொந்தமாகச் சொல்வது கடைசியில்தான் வரும்.

உணர்ச்சிக்கும் இதையே பின்பற்றலாம். முதலில் படத்தைக் காட்டி, "இந்தப் பாப்பா பயப்படுகிறாள்" என்று சொல்லுங்கள். அடுத்து, நாலு படங்களைப் பரப்பி, "பயப்படுகிற பாப்பா எது?" என்று கேளுங்கள். அப்புறம், "இவளுக்கு என்ன?" என்று கேளுங்கள். "உனக்கு என்ன?" என்ற கேள்வி தானாக வரும் நாள் வரட்டும்.

பெயர் சொன்னால் பாரம் குறையும்

அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் மாத்யூ லீபர்மன் என்ற அறிஞரும் அவருடைய குழுவினரும் ஓர் ஆராய்ச்சி செய்தார்கள். 2007-ல் அது வெளியாயிற்று. கோபமும் பயமும் தெரியும் முகப் படங்களைப் பெரியவர்கள் சிலருக்குக் காட்டினார்கள். அப்போது அவர்களுடைய மூளையைக் கருவியால் படம் எடுத்தார்கள்.

மூளைக்குள் பாதாம் பருப்பு வடிவில் ஒரு பகுதி இருக்கிறது. ஆபத்து என்றால் துடித்து எழும் பகுதி அது. பார்த்த முகத்தின் உணர்ச்சிக்குப் பெயர் தேர்ந்தெடுத்தபோது, அந்தப் பகுதியின் துடிப்பு குறைந்தது. படத்தில் இருப்பவருக்கு ஆள் பெயர் தேர்ந்தெடுத்தபோது அவ்வளவு குறையவில்லை.

"மனம் விட்டுச் சொன்னால் பாரம் குறையும்" என்று நம் ஊரில் சொல்வது வெறும் வார்த்தை இல்லை!

செய்யக் கூடாதவை

குழந்தை அழுதுகொண்டிருக்கும்போது விடுகதை போடாதீர்கள். அப்போது மடிதான் வேண்டும். விளையாட்டு, சாப்பாடு முடிந்த நிதானமான நேரத்துக்கு.

குழந்தை சொன்னதை விருந்தாளி முன்னால் சொல்லிச் சிரிக்காதீர்கள். ஒரு தடவை சிரித்தால் அந்த வாய் மூடிக்கொள்ளும்.

"ஆம்பிளைப் பையன் அழலாமா?" என்று கேட்காதீர்கள். எட்டு உணர்ச்சிகளில் அழுகையும் ஒன்று. அது ஆணுக்குக் கிடையாது என்று தொல்காப்பியம் சொல்லவில்லை!

அப்பாவும் அம்மாவும் விளையாட்டில் சேர வேண்டும். "இன்று அப்பாவுக்குக் கோபம் வந்தது, பஸ்ஸில் இடம் கிடைக்கவில்லை" என்று தகப்பனார் சொன்னால், பிள்ளையும் சொல்லும்.

சொல் ஒரு காவல்

2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ந் தேதி ஞாயிற்றுக்கிழமை. மாமல்லபுரம் கடற்கரையையும் சுனாமி தாக்கியது. அதன் பிறகு தமிழ்நாட்டுக் கடலோரத்தில் பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனத்தின் மனநல நிபுணர்கள் உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். பிள்ளைகளைப் படம் வரையவும் கதை சொல்லவும் விளையாடவும் விட்டு, மனதில் தங்கிய பயத்தை வெளியே கொண்டு வருவதும் அந்தப் பயிற்சியில் சேர்ந்தது.

ஆபத்து கடலிலிருந்து மட்டும் வருவதில்லை. தெரிந்தவர் ஒருவர் தப்பாகத் தொட்டால், குழந்தைக்குக் கூச்சமும் அருவருப்பும் பயமும் கலந்து வரும். அதைச் சொல்லச் சொல் இல்லாத குழந்தை வாய் மூடி இருந்துவிடும். "அவர் வந்தால் எனக்கு அருவருப்பாக இருக்கிறது" என்று சொல்லத் தெரிந்த குழந்தை தப்பித்துக்கொள்ள வழி உண்டு. அப்படிச் சொன்னால் அதட்டாமல் கேளுங்கள், நம்புங்கள். குழந்தைகள் உதவித் தொலைபேசி எண் 1098. கட்டணம் கிடையாது.

குழந்தை பல நாள் தூங்காமல், சாப்பிடாமல், பேசாமல் இருந்தால் விடுகதை போதாது. டாக்டரிடம் காட்ட வேண்டும்.

மற்ற நாட்களுக்கு, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிடம் போதும். செலவு ஒரு பைசா இல்லை. இன்றைக்கே ஒரு விடுகதை போட்டுப் பாருங்கள்!

விடைகள்: 1. கோபம். 2. பயம். 3. பொறாமை. 4. ஏக்கம். 5. மன உறுத்தல். தலைப்பில் உள்ள விடுகதைக்கு விடை: உணர்ச்சி.