ஆறு தையல் கூட்டினால் அடி தட்டை

குரோஷா ஊசியைப் புதிதாகக் கையில் எடுப்பவர்கள் முன்பெல்லாம் உல்லன் நூலில் மப்ளரோ மேஜை விரிப்போ போட்டுப் பழகுவார்கள். இப்போது பலரும் நேரே கைப்பையில் இறங்கிவிடுகிறார்கள். சுண்டுவிரலில் பாதிப் பருமனுள்ள கயிறு, 6 மில்லிமீட்டர் கொக்கி, மேலெல்லாம் முட்டு முட்டாகப் புடைத்து நிற்கும் ஒரு பை, நாலைந்து மாலைகளில் முடித்துவிடலாம் என்ற நம்பிக்கை. முதல் மாலையிலேயே சிக்கல் வந்துவிடும். தட்டையாக அமைய வேண்டிய அடிப்பாகம் ஒருவருக்குக் கிண்ணமாகக் குழியும். இன்னொருவருக்கு ஓரமெல்லாம் பொரித்த அப்பளம் போல நெளியும். இருவரும் தம் கைவாகு சரியில்லை என்று நொந்துகொள்வார்கள். கையில் பெரும்பாலும் குறை இருக்காது, எண்ணிக்கையில் இருக்கும்.

வட்டத்தின் சுற்றளவு 2πr என்று பள்ளியில் படித்ததுதான் இங்கே வேலை செய்கிறது. நடுவில் தொடங்கிச் சுற்றிச் சுற்றிப் போடும்போது ஒவ்வொரு சுற்றும் ஆரத்தை ஒரு தையலின் உயரத்துக்குக் கூட்டுகிறது. அப்படியானால் சுற்றளவு அந்த உயரத்தைப் போல 2π மடங்கு, அதாவது 6.28 மடங்கு, கூட வேண்டும். வட்டம் சின்னதா பெரியதா என்பது இதில் சேர்த்தியில்லை. குரோஷாவின் அடிப்படைத் தையலான சிங்கிள் குரோஷா ஏறத்தாழச் சதுரம். அகலமும் உயரமும் கிட்டத்தட்ட ஒன்று. எனவே சுற்றுக்கு 6 தையல் கூட்டினால் அடி தட்டையாக உட்காரும். முதல் சுற்றில் 6, இரண்டாவதில் 12, பத்தாவதில் 60. இரு மடங்கு உயரமான தையலில் போடுகிறவர்கள் 12 கூட்ட வேண்டும். வழிகாட்டிப் புத்தகங்களில் காரணம் சொல்லாமல் தரப்படும் 6, 12 என்ற எண்கள் இப்படி வந்தவைதான்.

கைப்பையின் அடி பெரும்பாலும் நீள்வட்டமாக இருக்கும். 15 சங்கிலி போட்டு, அதன் இரு பக்கமும் சுற்றி வருவார்கள். நீள்வட்டத்துக்குக் கணக்கு வேறாக இருக்கும் என்று தோன்றும். மாறுவதேயில்லை. நேராகப் போகும் இரு பக்கங்களும் எத்தனை சுற்றானாலும் அதே நீளத்தில் நிற்கின்றன. வளர்வது இரு முனைகளிலும் உள்ள அரைவட்டங்கள் மட்டுமே. இரண்டு அரைவட்டம் சேர்ந்தால் ஒரு முழு வட்டம். ஆக முனைக்கு 3, மொத்தம் 6. மூலைகள் கூர்மையாக வேண்டும் என்று செவ்வகமாகப் போடுகிறவர்களுக்கு மட்டும் கணக்கு 8 ஆகிவிடும்: மூலைக்கு 2, நான்கு மூலைக்கு 8.

கூட்டுவதை நிறுத்தினால் சுற்றளவு அப்படியே நின்றுவிடும். கயிறு மேலே ஏறத் தொடங்கிப் பையின் சுவர் எழும்பும். அந்த முதல் சுற்றில் தையலின் பின்கண்ணியில் மட்டும் ஊசியை விட்டால், விடுபட்ட முன்கண்ணிகள் வெளியே ஒரு வரம்பாக நிற்கும். அடியும் சுவரும் அந்த வரம்பில் மடங்கிக்கொள்ளும்.

ஆறுக்கு மேல் கூட்டினால் நெளிகிறதே, அந்த நெளிவுக்குக் கணிதத்தில் தனி மரியாதை உண்டு. 1820களின் இறுதியில் ரஷ்யாவின் லொபசெவ்ஸ்கியும் அதே காலத்தில் ஹங்கேரியின் போயாயும், யூக்ளிடின் இணைகோட்டு விதி செல்லாத ஒரு தளத்தைப் பற்றி எழுதினார்கள். அதில் வட்டத்தின் சுற்றளவு 2πr-ஐவிட வேகமாகப் பெருகும். அதைக் கையில் பிடித்துக் காட்டுவதுதான் கடினமாக இருந்தது. அமெரிக்கக் கணிதர் வில்லியம் தர்ஸ்டன் காகித வளையங்களை ஒட்டிக் காட்டினார். காகிதம் சீக்கிரம் கிழிந்தது. 1997-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் இருந்த, லாத்வியாவில் பிறந்த டைனா டைமினா ஒரு குரோஷா ஊசியை எடுத்தார். குறிப்பிட்ட விகிதத்தில் தையலைக் கூட்டிக்கொண்டே போனார். மடக்கிப் பார்க்க, கோடு போட்டுப் பார்க்க உறுதியான மாதிரி கிடைத்தது. இதைப் பற்றி அவர் எழுதிய புத்தகம், விசித்திரமான தலைப்புக்குத் தரப்படும் டயாகிராம் பரிசையும் பெற்றது, பிறகு கணித நூல்களுக்கான ஆய்லர் பரிசையும் பெற்றது. 2004-இல் பிரிட்டனின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் ஹின்கே ஒசிங்கா, பெர்ன்ட் கிராவ்ஸ்காப் இருவரும் கேயாஸ் கோட்பாட்டில் வரும் லோரென்ஸ் பரப்பை 25,511 தையல்களில் போட்டுக் காட்டினார்கள். ஓரம் நெளிந்துவிட்டதே என்று மேஜை விரிப்பைப் பிரித்துப்போட்ட எத்தனையோ பேர், தெரியாமலேயே லொபசெவ்ஸ்கியின் தளத்தைப் பிரித்துப்போட்டிருக்கிறார்கள்.

பைக்குத் திரும்புவோம். இந்தக் கணக்கெல்லாம் மெல்லிய நூலிலும் உண்டு. அதில் பிழை ஒளிந்துகொள்ளும், இழுத்துவிட்டுச் சமாளிக்கலாம். 5 மில்லிமீட்டர் கயிற்றில் ஒவ்வொரு தையலும் கட்டைவிரல் நகம் அளவுக்குத் தெரியும். தவறும் அதே அளவுக்குத் தெரியும். புதியவருக்குத் தடித்த கயிறு நல்ல ஆசான் என்று சொல்வதற்கு இதுவே காரணம். ஆனால் அதே கயிறு மணிக்கட்டைப் பதம் பார்த்துவிடும் என்பதைக் கடைக்காரர்கள் சொல்வதில்லை.

கயிற்றின் விட்டத்தை இரட்டிப்பாக்கினால் அதை வளைக்க எவ்வளவு கூடுதல் பலம் வேண்டும்? ஒரே திடப்பொருளாலான கம்பியாக இருந்தால் அதன் விறைப்பு 16 மடங்காகும். உள்ளே இருக்கும் இழைகள் ஒன்றின்மேல் ஒன்று முழுச் சுதந்திரமாக வழுக்க முடிந்தால் 4 மடங்கு போதும். நான்கு மடங்கு இழைகள், அவ்வளவே. உண்மையான கயிறு இந்த இரண்டு எல்லைகளுக்கும் நடுவில் நிற்கிறது. நெருக்கமாகப் பின்னி, நடுவே உள்கயிறும் வைத்து இறுக்கியது 16 பக்கம் சாயும். தளர்வானது 4 பக்கம் சாயும். கயிற்றை வாங்குமுன் விரலில் ஒரு முறை மடித்துப் பார்ப்பது லேபிளைப் படிப்பதைவிடப் பயன் தரும்.

கடையில் மேக்ரமே கயிறு என்று கேட்டால் முறுக்கியதும் கிடைக்கும், பின்னியதும் கிடைக்கும். முறுக்கியதில் மூன்று புரிகளும் ஒரே திசையில் சுற்றியிருக்கும். ஊசியில் கயிற்றைச் சுற்றி இழுக்கும் ஒவ்வொரு முறையும் அந்த முறுக்கு கொஞ்சம் ஏறும் அல்லது இறங்கும். ஏறினால் கயிறு தன்மேலேயே சுருண்டுகொள்ளும். இறங்கினால் புரி பிரிந்து, கொக்கி மூன்றில் ஒன்றை மட்டும் கவ்விக்கொண்டு வரும். பின்னிய கயிற்றில் பாதி இழைகள் வலமாகவும் பாதி இடமாகவும் போவதால் ஒன்றை மற்றது ஈடுகட்டிவிடுகிறது. முதல் பைக்குப் பின்னிய கயிறே நல்லது.

இழை எது என்பது அடுத்த கேள்வி. பருத்தி காற்றிலிருந்து தன் எடையில் 8 சதவீதம் அளவுக்கு ஈரத்தை ஏற்றுக்கொள்ளும். பாலியெஸ்டர் அரை சதவீதம்கூட ஏற்காது. மழையில் நனைந்த பருத்திப் பை காய இரண்டு நாள் ஆகும். எடையும் கூடுதல்: பருத்தி இழையின் அடர்த்தி தண்ணீரைப் போல ஒன்றரை மடங்கு, பாலிபுரோப்பிலீன் தண்ணீரைவிட லேசானது. காலியாக இருக்கும்போதே பருத்திக் கயிற்றுப் பை அரைக் கிலோவைத் தாண்டுவது சாதாரணம். ஆனால் பாலிபுரோப்பிலீனுக்கு ஒரு கெட்ட பழக்கம்: சுமையை மாட்டி வைத்தால் மெல்ல மெல்ல நீண்டுகொண்டே போகும், சுமையை எடுத்தாலும் முழுதாகத் திரும்பாது. ஆணியில் நிரந்தரமாகத் தொங்கப்போகும் பைக்கு அது ஆகாது.

எவ்வளவு வாங்குவது? பத்துத் தையல் போட்டு, பிரித்து, அளந்தால் தெரிந்துவிடும். ஒரு தையல் 8 சென்டிமீட்டர் கயிற்றை விழுங்குகிறது என்று வைத்துக்கொண்டால், அடியும் சுவரும் சேர்ந்து 1,800 தையல் உள்ள பைக்கு 144 மீட்டர். புடைப்புகளுக்கு இந்தக் கணக்கு போதாது.

அந்தப் புடைப்புகள்தான் பையின் அழகே. பாபிள் என்று சொல்லப்படும் தையலில், ஒரே இடத்தில் நான்கைந்து உயரமான தையல்களைப் பாதி பாதியாகப் போட்டுக் கடைசியில் ஒரே கண்ணியில் முடிப்பார்கள். அக்கம்பக்கத்தில் இருப்பவை குட்டைத் தையல்கள். நடுவில் மாட்டிய உயரமான தையலின் தலையையும் அடியையும் அவை தம் உயரத்துக்குள் அமுக்கிப் பிடிக்கின்றன. இருக்கும் இடத்தைவிட நீளமாக இருக்கும் எதையும் இரு முனையிலும் அழுத்தினால் அது பக்கவாட்டில் வளைந்து வெளியேறும். வெயிலில் விரிந்த தண்டவாளம் கோணுவதும் இதே விதியால்தான். பாபிள் அப்படி வெளியேறிய கயிறு. உயரமான ஒற்றைத் தையலைக் குட்டைத் தையல்களுக்கு நடுவே போட்டாலே சின்னதாக ஒரு முட்டு கிடைக்கும். ஐந்தைச் சேர்த்துப் போடுவது மிகைப்படுத்தல்தான். ஆனால் கைப்பையில் மிகைதான் வேண்டியிருக்கிறது.

பாபிளில் புதியவர்களைக் குழப்பும் ஒரு விஷயம் உண்டு. முட்டு, போடுகிறவருக்கு எதிர்ப்புறமாகப் புடைக்கும். பையை வெளிப்பக்கம் தன்னைப் பார்க்க வைத்துச் சுற்றிப் போட்டால் அத்தனை முட்டுகளும் உள்ளே போய்விடும். விரலால் வெளியே தள்ளிவிடலாம். அல்லது பையை உள்பக்கம் வெளியாகத் திருப்பிவிட்டு அதுதான் முதலிலிருந்தே திட்டம் என்று சொல்லிக்கொள்ளலாம். முட்டுகளை நேர்கோட்டில் அடுக்க நினைப்பவர்களுக்கு இன்னொரு தலைவலி: வலக்கைக்காரர்கள் திருப்பாமல் சுற்றிக்கொண்டே போனால் ஒவ்வொரு தையலும் கீழுள்ளதற்குச் சற்று வலப்புறமாக உட்காரும். இருபது சுற்று ஏறியதும் செங்குத்து வரிசை நன்றாகச் சாய்ந்திருக்கும். கயிற்றை ஊசியின் மேலாகச் சுற்றாமல் கொக்கியால் கீழிருந்து கவ்வி இழுத்தால் சாய்வு குறையும், தையலும் இறுகும்.

கைப்பிடி நீளுவது முதல் பைகளின் பொதுக்குறை. கயிறு எவ்வளவு வலுவாக இருந்தாலும் இது நடக்கும். சுமை ஏறியதும் முதலில் மாறுவது கண்ணிகளின் வடிவம். அகன்ற வளையம் ஒடுங்கி நீளமாகும். கயிற்றின் வலு களத்துக்கு வருவதற்குள் கைப்பிடி நாலு விரற்கடை இறங்கிவிடும். ஒரே நூலைத் தையலை மட்டும் மாற்றிப் போட்டால் துணியின் நெகிழ்ச்சி எப்படி மாறுகிறது என்பதை ஜார்ஜியா டெக் நிறுவனத்தின் எலிசபெட்டா மட்சுமோட்டோ குழுவினர் ஸ்வெட்டர் பின்னல்களில் அளந்து 2024-இல் வெளியிட்டார்கள்.

கைப்பிடி நீளுவதற்குத் தீர்வு பழையது: நடுவே ஒரு நேரான கயிற்றை விட்டு, அதன்மேல் தையலைப் போட்டு மூடுவது. நேரான கயிற்றுக்கு வடிவம் மாற வழியில்லை. சுமையை அதுவே நேரடியாகத் தாங்கும். தமிழ்நாட்டில் வயர் கூடை பின்னுகிறவர்கள் கைப்பிடிக்குச் சில வயர்களை நடுவே நேராக விட்டு மற்றவற்றை அவற்றின்மேல் பின்னுவது இதே உத்தி. அயர்லாந்தில் இதற்கு வேறொரு பயன் இருந்தது. 1845-இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில், குரோஷா லேஸ் போட்டு விற்றுப் பல குடும்பங்கள் பிழைத்தன. குளோன்ஸ் ஊரில் பாதிரியாரின் மனைவி கசாண்ட்ரா ஹேண்ட் அந்தத் தொழிலைப் பரப்பினார். அந்த லேஸில் பூவும் இலையும் துணியிலிருந்து எழுந்து நிற்கும். தடித்த நூலை உள்ளே வைத்து அதன்மேல் தையல் போட்டதால் வந்த எழுச்சி அது.

கயிற்றின் கடைசி நுனியை என்ன செய்வது? செயற்கை இழையை உருக்கி ஒட்டிவிடலாம். பாலிபுரோப்பிலீன் 160 டிகிரி செல்சியஸ் வாக்கில் இளகும், பாலியெஸ்டருக்கு 250-க்கு மேல் வேண்டும். பருத்தி உருகாது, எரியும். அதைத் தையல்களுக்குள் நுழைத்து மறைக்கத்தான் வேண்டும். கப்பல் துறையில் வடத்தை முளையில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு ஓர் ஆள் கப்பலையே பிடித்து வைப்பாரே, அந்தச் சூத்திரம் இங்கும் பொருந்தும். உராய்வுக் கெழு 0.3 என்றால் ஒரு முழுச் சுற்று பிடிமானத்தை ஆறரை மடங்காக்கும், இரண்டு சுற்று 43 மடங்காக்கும். திசை மாற்றி மாற்றி நாலைந்து கண்ணிகளில் வளைத்து விட்ட நுனி தானாக அவிழ்ந்து வராது.

ஸ்வெட்டர் பின்னலை இயந்திரம் எப்போதோ கைப்பற்றிவிட்டது. குரோஷா இன்னும் கையிலேயே இருக்கிறது. ஒவ்வொரு தையலுக்கும் ஊசி ஏற்கெனவே முடிந்த துணிக்குள் புதிதாக ஓரிடம் தேடி நுழைய வேண்டும். அந்த இடம் ஒவ்வொரு முறையும் சற்றே மாறியிருக்கும். ஜெர்மனியின் பீலஃபெல்டில் ஆய்வாளர்கள் தட்டையான குரோஷா துணி போடும் ஒரு முன்மாதிரி இயந்திரத்தை உருவாக்கியிருக்கிறார்கள். தொழிற்சாலைகளுக்கு அது இன்னும் வரவில்லை. குரோஷா போலத் தோன்றும் மலிவுத் துணிகள் வேறு வகைப் பின்னல் இயந்திரங்களின் வேலை. உண்மையான குரோஷா பை எந்த நாட்டுக் கடையில் தொங்கினாலும் யாரோ ஒருவர் உட்கார்ந்து போட்டதுதான். ஆந்திராவின் நரசாப்பூரில் வீட்டிலிருந்தபடியே ஏற்றுமதிக்குக் குரோஷா லேஸ் போடும் பெண்களைப் பற்றி ஜெர்மன் சமூகவியலாளர் மரியா மீஸ் 1982-இல் ஒரு நூல் எழுதினார். உலகச் சந்தைக்கு உழைத்த அந்தப் பெண்கள் ஓய்வு நேரத்தில் கைவேலை செய்யும் இல்லத்தரசிகளாகவே கருதப்பட்டார்கள், கூலியும் அதற்கேற்பவே இருந்தது என்பது அதன் சாரம்.

முதல் பையை முடித்தவர்களிடம் உறவினர்கள் தவறாமல் கேட்பது, எனக்கும் ஒன்று போட்டுத் தருவாயா, என்ன விலை என்பதுதான். கை தேறியவருக்கு ஒரு தையலுக்கு 10 நொடி ஆகிறது என்றால் 1,800 தையலுக்கு 5 மணி நேரம். கயிறு, கைப்பிடி, முட்டுகள், பிரித்துப் போட்ட அடிப்பாகம் எதுவும் இதில் சேரவில்லை.