ஆக்சிஜன் இருக்கு, ஆனாலும் அவுட்!

அக்கா மகள் ஏழாம் வகுப்பு. பரீட்சை முடிந்த மறுநாளே மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். ஸ்கிராட்ச் என்ற நிரல்மொழியில் சொந்தமாக ஒரு கேம் செய்கிறாளாம். விண்வெளியில் ஒரு கலம் பழுதாகி நிற்கிறது. உள்ளே ஒரே ஒரு ஆள். முப்பது நாள் உயிரோடு இருந்துவிட்டால் வெற்றி.

திரையின் மேல் ஓரத்தில் ஐந்து பட்டைகள். ஆக்சிஜனுக்குப் பச்சை, தண்ணீருக்கு நீலம், சாப்பாட்டுக்கு மஞ்சள், சூட்டுக்குச் சிவப்பு, கரன்ட்டுக்கு வெள்ளை. நேரம் ஓட ஓட ஐந்தும் குறையும். அங்கங்கே மிதக்கிற சிலிண்டரையோ பாட்டிலையோ பிடித்தால் பட்டை ஏறும். எது காலியானாலும் ஆள் அவுட்.

விளையாடிப் பார்த்தேன். பத்து நிமிடத்தில் அலுத்துவிட்டது. மறைக்காமல் சொன்னேன். முகம் சுருங்கிவிட்டது அவளுக்கு.

"என்ன குறை மாமா?"

"எல்லாம் குறைஞ்சுக்கிட்டே இருக்கு, அதுதான் குறை. ஆக்சிஜன் பட்டை இறங்குதே, அந்த ஆக்சிஜன் எங்கம்மா போகுது?"

"அவன் மூச்சு இழுத்துட்டான்."

"இழுத்தா? அப்புறம்?"

"கரியமில வாயுவா வெளிய விடுவான்."

"அதுக்குப் பட்டை எங்க?"

பட்டை இல்லை. அவளை மட்டும் குற்றம் சொல்லக் கூடாது. கடையில் விற்கிற பெரிய கேம்கள் பலவற்றிலும் ஆக்சிஜன் என்றால் குறைகிற பட்டைதான். மூடிய இடத்தில் மாட்டிக்கொண்டவரை முதலில் மடக்குவது ஆக்சிஜன் பற்றாக்குறை இல்லை, அவரே வெளியே விட்ட மூச்சு. இதை நம்பச் சொன்னால் நம்ப மாட்டாள் என்று தெரியும். ஆகவே காகிதத்தை எடுத்தோம். நீங்களும் கணக்குப் போட்டுப் பாருங்கள். கணக்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அறையைப் பூட்டிச் சோதிக்க வேண்டாம்!

3 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 2.5 மீட்டர் உயரம் உள்ள ஓர் அறை. உள்ளே 22.5 கன மீட்டர் காற்று. அதில் 21 சதவீதம் ஆக்சிஜன். வீட்டு அறையில் கதவிடுக்கு, ஜன்னலிடுக்கு வழியாகக் காற்று போய்வந்துகொண்டே இருக்கும். கலத்தில் அப்படி இடுக்கு கிடையாது, இருந்தால் அது இன்னும் பெரிய வம்பு. ஒரு மனிதர் ஒரு நாளில் ஏறக்குறைய 840 கிராம் ஆக்சிஜனைச் செலவழித்து, ஒரு கிலோ கரியமில வாயுவை வெளியே விடுகிறார். கன அளவில் மாற்றிப் போட்டால், ஒரு நாள் முடிவில் ஆக்சிஜன் 18 சதவீதத்துக்கு வந்திருக்கும். ஏற்காட்டு மலையில் நிற்கும்போது மூச்சுக்குக் கிடைப்பதும் ஏறத்தாழ அவ்வளவுதான். ஏற்காட்டில் யாரும் மயங்கி விழுவதில்லை.

கரியமில வாயுவைப் பாருங்கள். வெளிக்காற்றில் வெறும் 0.04 சதவீதமாக இருப்பது அந்த அறையில் 2.4 சதவீதமாகியிருக்கும். அறுபது மடங்கு! தலைவலி வரும், மூச்சு வாங்கும். இரண்டாம் நாள் முடிவில் 5 சதவீதத்தை நெருங்கும். அப்போது புத்தி தடுமாறும், எந்த ஸ்விட்சை அழுத்துவது என்றே தெரியாது. மூச்சை அடக்கும்போது "போதும், விடு" என்று உடம்பு தவிக்கிறதே, அந்தத் தவிப்பும் ஆக்சிஜன் குறைந்ததால் வருவதில்லை. ரத்தத்தில் கரியமில வாயு ஏறுவதால் வருவது.

"அப்போ பச்சைப் பட்டை ஃபுல்லா இருக்கும்போதே அவுட் ஆயிடுவானா?"

"ஆகப் பார்த்தாங்க, நிஜமாவே மூணு பேர்."

1970 ஏப்ரல் 13. ஜேம்ஸ் லோவெல், ஜாக் ஸ்விகர்ட், ஃபிரெட் ஹெய்ஸ் மூவரும் அப்போலோ 13 கலத்தில் நிலவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். பூமியிலிருந்து மூன்று லட்சம் கிலோமீட்டர் தாண்டிய இடத்தில் ஆக்சிஜன் தொட்டி ஒன்று வெடித்தது. தாய்க்கலத்தில் மின்சாரம் போயிற்று. நிலவில் இறங்குவதற்காகக் கூடவே கொண்டுபோன 'அக்வேரியஸ்' என்ற சின்னக் கலத்துக்குள் மூவரும் புகுந்துகொண்டார்கள். அது இரண்டு பேர், இரண்டு நாள் இருப்பதற்காகச் செய்தது. இப்போதோ மூன்று பேர், ஏறக்குறைய நான்கு நாள்.

அக்வேரியஸில் ஆக்சிஜனுக்குப் பஞ்சமில்லை. கரியமில வாயுதான் ஏறிக்கொண்டே போனது. அதைப் பிடித்துவைக்க லித்தியம் ஹைட்ராக்சைடு என்ற வேதிப்பொருள் நிரப்பிய டப்பாக்கள் உண்டு. காற்றை அதன் வழியாக ஊதினால் கரியமில வாயு உள்ளேயே தங்கிவிடும். அக்வேரியஸின் டப்பாக்கள் தீரப்போகின்றன. தாய்க்கலத்தில் உபரி டப்பாக்கள் இருந்தன. ஆனால் அவை சதுரம், அக்வேரியஸில் இருந்த துளையோ வட்டம். ஒரே பயணத்துக்கான இரண்டு கலங்கள், இரண்டு நிறுவனங்கள் செய்தவை, ஒன்றின் டப்பா மற்றதில் பொருந்தவில்லை. இத்தனை பெரிய திட்டத்தில் இதை யாரும் கவனிக்கவில்லையா என்று எனக்கு இன்றும் வியப்புதான்.

பூமியில் இருந்த பொறியாளர்கள் கலத்துக்குள் என்னென்ன இருக்கிறதோ அதை மட்டும் வைத்து ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பிளாஸ்டிக் பை, பயணக் கையேட்டின் அட்டை, விண்வெளி உடையின் காற்றுக் குழாய், சாம்பல் நிற டேப். எதை எங்கே ஒட்டுவது என்று ரேடியோவில் ஒவ்வொரு படியாகச் சொல்லச் சொல்ல, மேலே அவர்கள் செய்தார்கள். கரியமில வாயு மளமளவென்று இறங்கியது. ஏப்ரல் 17 அன்று மூவரும் கடலில் பத்திரமாக வந்து இறங்கினார்கள்.

கதை முடிவதற்குள் அவள் 'கரியமில வாயு' என்று ஆறாவதாக ஒரு பட்டை போட்டுவிட்டாள். இது குறையாது, ஏறும். கூடவே டப்பாக்களும்.

"முப்பது நாளைக்கு எத்தனை டப்பா வைக்கட்டும்?"

இதுதான் உயிர்காப்பு அமைப்பு செய்கிறவர்கள் முதலில் கேட்கிற கேள்வி: எத்தனை நாள்? ஒரு கிலோ கரியமில வாயுவைப் பிடிக்க ஒரு கிலோவுக்குச் சற்று அதிகமாகவே லித்தியம் ஹைட்ராக்சைடு வேண்டும், அதுவும் ஒருமுறைதான் உதவும். இஸ்ரோவின் ககன்யான் திட்டத்தில் அதிகபட்சம் மூன்று பேர், மூன்று நாள். அதற்கு வேண்டியதையெல்லாம் கட்டுச்சோறு மாதிரி கையோடு எடுத்துப் போய்விடலாம். சர்வதேச விண்வெளி நிலையத்தில் ஆறு மாதம் தங்குகிறார்கள். மூன்று பேருக்கே 540 கிலோவுக்கு மேல் டப்பா தூக்க வேண்டியிருக்கும். அதனால் அங்கே ஜியோலைட் என்ற, நுண்ணிய துளைகள் நிறைந்த பொருள். அது கரியமில வாயுவைப் பிடித்துக்கொள்ளும், சூடாக்கினால் விட்டுவிடும், மறுபடி பிடிக்கும். கட்டுச்சோறு தீர்ந்தால் அடுப்பு மூட்டத்தானே வேண்டும்?

அடுத்து நீலப் பட்டைக்கு வந்தோம். நிலையத்தில் ஆக்சிஜன் தண்ணீரிலிருந்தே வருகிறது. தண்ணீரில் மின்சாரத்தைச் செலுத்தினால் ஆக்சிஜனும் ஹைட்ரஜனுமாகப் பிரியும். உங்கள் பாடப்புத்தகத்தில் மின்னாற்பகுப்பு என்று இருக்கும். 9 கிலோ தண்ணீர் கொடுத்தால் 8 கிலோ ஆக்சிஜன், 1 கிலோ ஹைட்ரஜன். ஒருவரின் ஒரு நாள் மூச்சுக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர். அதாவது விண்வெளியில் தண்ணீரைக் குடிக்கவும் செய்கிறோம், சுவாசிக்கவும் செய்கிறோம்.

"அப்போ பச்சையும் நீலமும் தனித்தனி இல்ல, ஒரே பானை!" என்றாள்.

அதேதான். 'ஆக்சிஜன் நாட் இன்க்ளூடட்' என்று கனடாக்காரர்கள் செய்த ஒரு கேம் இருக்கிறது, 2019-இல் முழுமையாக வெளிவந்தது. அதில் வருகிற மின்னாற்பகுப்பு இயந்திரத்துக்கு 1000 கிராம் தண்ணீர் ஊற்றினால் 888 கிராம் ஆக்சிஜனும் 112 கிராம் ஹைட்ரஜனும் வெளிவரும். நிஜ வேதியியல் கணக்கே அதுதான்! கார்ட்டூன் பொம்மைகள் ஓடுகிற கேமில் இதை யார் சரிபார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிடவில்லை பாருங்கள், அதற்காகவே எனக்கு அவர்களைப் பிடிக்கும்.

மிச்சமாகிற ஹைட்ரஜனையும் வீணாக்க மனம் வராது. 1912-இல் நோபல் பரிசு பெற்ற பிரெஞ்சு வேதியியலாளர் பால் சபாட்டியே ஒரு வழி காட்டியிருந்தார். ஹைட்ரஜனையும் கரியமில வாயுவையும் சூடான உலோக வினையூக்கியின் மேல் செலுத்தினால் தண்ணீரும் மீத்தேனும் கிடைக்கும். தண்ணீர் பானைக்குத் திரும்பும், மீத்தேனை வெளியே விட்டுவிடுவார்கள். மீத்தேனோடு பாதி ஹைட்ரஜனும் போய்விடுவதால், மூச்சுக்காக உடைத்த ஒரு லிட்டரில் அரை லிட்டர்தான் மீளும். மற்றபடி வியர்வை, மூச்சிலுள்ள ஈரம், சிறுநீர் எல்லாமே சுத்தமாகிக் குடிநீராகத் திரும்புகின்றன.

"சீ!" என்று கத்தினான் அதுவரை சும்மா இருந்த அவள் தம்பி, நான்காம் வகுப்பு.

"டேய், நீ குடிக்கிற தண்ணியும் மேகமாகி மழையாகி வந்ததுதான். அங்க மேகத்துக்குப் பதிலா மிஷின்." 2023-இல் அந்த ஏற்பாடு 98 சதவீதத்தை எட்டியது. நூறு குடத்தில் இரண்டு குடம்தான் இழப்பு.

"இவ்வளவு மிஷின் எதுக்கு? செடி வெச்சாப் போதாதா?" தம்பி விடவில்லை. நியாயமான கேள்விதான். செடி கரியமில வாயுவை எடுத்து ஆக்சிஜன் தருமே! ஆனால் ஒரு பூந்தொட்டி எந்த மூலைக்கு? சைபீரியாவின் கிராஸ்நோயார்ஸ்க் நகரில் 1972-இல் கட்டி முடித்த 'பயாஸ்-3' என்ற மூடிய கூடத்தில், ஒரே ஒரு ஆளின் மூச்சுக்கு 8 சதுர மீட்டர் பாசிப் பரப்பு தேவைப்பட்டது, அதுவும் விளக்கொளி ஓயாமல் விழ வேண்டும்.

அதைவிடப் பெரிதாக அமெரிக்காவின் அரிசோனாவில் ஒன்று கட்டினார்கள். பெயர் 'பயோஸ்பியர் 2'. மூன்று ஏக்கருக்கு மேல் கண்ணாடிக் கூரை. உள்ளே குட்டிக் காடு, குட்டிக் கடல், வயல், ஆடு, கோழி. 1991 செப்டம்பர் 26 அன்று எட்டுப் பேர் உள்ளே போய்க் கதவை அடைத்துக்கொண்டார்கள். இரண்டு வருடம் வெளியிலிருந்து காற்றும் வேண்டாம், சோறும் வேண்டாம் என்று திட்டம். அத்தனை மரம் செடி இருந்தும் ஆக்சிஜன் மாதாமாதம் இறங்கியது. பதினாறு மாதத்தில் 21-லிருந்து 14 சதவீதம். 4,000 மீட்டர் மலையுச்சியில் குடியிருக்கிற மாதிரி. மாடிப்படி ஏறினால் மூச்சிரைப்பு, ராத்திரித் தூக்கம் இல்லை. 1993 ஜனவரியில் வெளியிலிருந்து ஆக்சிஜனைச் செலுத்தித்தான் சமாளித்தார்கள்.

யார் திருடினார்கள்? பயிர் நன்றாக வரட்டும் என்று மக்குச்சத்து நிறையப் போட்ட மண்ணில் நுண்ணுயிர்கள் கோடானுகோடியாகப் பெருகி ஆக்சிஜனை உறிஞ்சின. சரி, அப்படியானால் அதே அளவுக்குக் கரியமில வாயு பெருகியிருக்க வேண்டும், அதைச் செடிகள் மறுபடி ஆக்சிஜனாக்கியிருக்க வேண்டும். பெருகவில்லை. துப்பறிந்தபோது இரண்டாவது ஆள் மாட்டியது: கான்கிரீட் சுவர்! கரியமில வாயுவைச் சுவர் மெல்ல மெல்லத் தின்று, சுண்ணாம்புக்கல்லின் பொருளான கால்சியம் கார்பனேட்டாக மாற்றித் தனக்குள் வைத்துக்கொண்டிருந்தது. ஆக்சிஜன் காணாமல் போகவில்லை, சுவருக்குள் இருந்தது.

"சுவரே வில்லன்! செம!" அவள் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள்.

சிவப்புப் பட்டை பற்றி அதிகம் பேசவில்லை. விண்வெளி என்றாலே உறைந்துபோவான் என்று வைத்திருந்தாள். கலம் ஒரு ஃபிளாஸ்க் மாதிரி. சுற்றிலும் காற்றே இல்லாததால் சூடு எளிதில் வெளியேறாது. சும்மா உட்கார்ந்திருக்கிற ஆளே பழைய 100 வாட் குண்டு பல்பு அளவுக்குச் சூடு விடுகிறார், இயந்திரங்கள் வேறு. நிலையத்தில் அம்மோனியாவைக் குழாய்களில் ஓடவிட்டு, பெரிய தகடுகள் வழியே சூட்டை வெளியேற்றுகிறார்கள். அப்போலோ 13-இல் மின்சாரத்தை மிச்சம் பிடிக்க எல்லாவற்றையும் அணைத்தார்களே, அப்போது தாய்க்கலத்துக்குள் 3 டிகிரிவரை குளிர்ந்தது. ஆகவே வெள்ளைப் பட்டையும் சிவப்புப் பட்டையும் ஒரே கயிற்றின் இரண்டு நுனி. இன்னொன்று, எடையில்லாத இடத்தில் சூடான மூச்சுக் காற்று மேலே எழும்பாது. ஃபேன் நின்றால், தூங்குகிறவன் விட்ட மூச்சு அவன் முகத்தைச் சுற்றியே தேங்கிவிடும்.

அவள் எல்லாப் பட்டைகளையும் அழித்தாள். பதிலுக்கு ஒரு பானை, ஒரு ஃபேன், ஒரு சூரியத் தகடு, நான்கைந்து குழாய். ஒரு நாளைப் பத்து நிமிடமாகச் சுருக்கினாள். அது பொய்தான், ஆனால் எல்லாக் கணக்கும் ஒரே விகிதத்தில் சுருங்கினால் பரவாயில்லை என்று முடிவு செய்தோம்.

நான்காம் நாள் தம்பி விளையாட உட்கார்ந்தான். அக்கா பக்கத்தில் வாயைத் திறக்காமல் இருந்தாள். ஓடி ஓடிச் சிலிண்டராகச் சேர்த்தான். திரையின் ஓரமெல்லாம் இருட்டத் தொடங்கியது, பொம்மை தள்ளாடியது.

"அக்கா, ஆக்சிஜன் நிறைய இருக்கே, இவன் ஏன் ஆடுறான்?"

பதில் இல்லை. அலமாரி அலமாரியாகத் திறந்தான். சதுர டப்பா கிடைத்தது. சுவரில் இருந்தது வட்டத் துளை. திருப்பி வைத்துப் பார்த்தான், இடித்துப் பார்த்தான். பிறகு பையைத் திறந்து உள்ளே இருப்பதையெல்லாம் ஒவ்வொன்றாக வெளியே எடுத்துப் போட்டான்.

"அக்கா, இந்த புக்கோட அட்டையைக் கிழிக்கலாமா?"