வேணும்னு பண்ணலை டீச்சர்!

மும்பையின் புறநகர்ப் பள்ளி ஒன்றில் இருபத்தெட்டு ஆண்டுகள் கணக்கு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். சங்க மலருக்குக் கணிதம் பற்றி ஏதாவது எழுதுங்கள் என்று கேட்டார்கள். ராமானுஜனைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். நான் போட்ட ஒரு தப்புக் கணக்கைப் பற்றி நான்தானே எழுத வேண்டும்?

1990-களின் நடுப்பகுதி. ஆறாம் வகுப்பு. முதல் பெஞ்சில் நம் தமிழ்ப் பையன் ஒருவன். அப்பாவுக்கு மத்திய அரசு வேலை. மாற்றலாகி வந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. பையன் கணக்கில் கெட்டி. ஆனால் நிமிஷத்துக்கு ஒரு தடவை ‘க்கும்’ என்று தொண்டையைச் செருமுவான். நடுநடுவே கண்களை இறுக்கி மூடித் திறப்பான். கழுத்தைச் சட்டென்று ஒரு பக்கம் வெட்டுவான். நான் போர்டில் எழுதத் திரும்பினால் ‘க்கும்’. பின்னாலே பிள்ளைகள் எல்லாரும் சிரிப்பார்கள்.

முதலில் நல்லபடியாகச் சொன்னேன். பிறகு அதட்டினேன். அப்புறம் வெளியே நிற்க வைத்தேன். அந்தப் பருவத்தில் பாதி வகுப்புகளை அவன் வராந்தாவில் நின்றுதான் கேட்டிருப்பான்.

ஒரு நாள் அவன் அம்மா வந்தார். “அவன் வேணும்னு பண்ணலை டீச்சர். ஸ்கூல்ல அடக்கி அடக்கி வச்சுட்டு, வீட்டுக்கு வந்ததும் ஒரு மணி நேரம் விடாம செருமறான். பார்க்கவே கஷ்டமா இருக்கு” என்றார். நான் சொன்ன பதில் இன்றும் காதில் கேட்கிறது: “அடக்க முடியுதுன்னா நிறுத்தவும் முடியும்தானே?”

கணக்கு டீச்சரின் தர்க்கம்! அடுத்த ஆண்டு அவர்கள் வேறு ஊருக்குப் போய்விட்டார்கள். அந்தத் தர்க்கம் எவ்வளவு தவறு என்று எனக்குத் தெரியப் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 2006 வாக்கில் எட்டாம் வகுப்பில் ஒரு பெண்ணின் அப்பா, நரம்பியல் டாக்டரின் கடிதம் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். அதில்தான் ‘டிக்’ என்ற சொல்லை முதன்முதலாகப் படித்தேன். நான் மருத்துவர் அல்ல. அன்றிலிருந்து படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டதை நம் குடும்பங்களுக்குச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

டிக் என்றால் என்ன?

திடீரென்று, வேகமாக, திரும்பத் திரும்ப வரும் சிறு அசைவு அல்லது ஒலிதான் டிக். கண் சிமிட்டல், மூக்கைச் சுளித்தல், தோளைக் குலுக்கல், கழுத்தை வெட்டுதல் ஆகியவை அசைவு வகை. செருமல், மூக்கை உறிஞ்சுதல், முனகல், சில சமயம் ஒரு சொல் ஆகியவை ஒலி வகை. வீட்டில் நாம் இதைக் ‘கெட்ட பழக்கம்’ என்கிறோம். பாட்டிமார் திருஷ்டி சுற்றிப் போடுகிறார்கள். கண் சிமிட்டினால் கண் டாக்டர், செருமினால் தொண்டை டாக்டர் என்று அலைகிறோம். இது வலிப்பும் அல்ல. டிக் வரும்போது குழந்தைக்கு நினைவு தப்புவதில்லை.

பள்ளி வயதுக் குழந்தைகளில் ஐந்தில் ஒருவர் வரைக்கும் ஏதாவது ஒரு காலத்தில் இப்படிச் சில வாரமோ சில மாதமோ வந்து போகலாம். பல அசைவுகளும் ஓர் ஒலியாவது சேர்ந்து, தொடங்கி ஓராண்டுக்கு மேலாகியும் இருந்தால் அதற்கு ‘டூரெட்’ என்று பெயர். 1885-இல் பாரிஸில் ஒன்பது நோயாளிகளைப் பற்றி விவரித்து எழுதிய ஜில் த லா டூரெட் என்ற மருத்துவரின் பெயர் அது. இது நூறு குழந்தைகளில் ஒருவருக்கோ அதற்கும் குறைவாகவோதான் வருகிறது. பெண்களைவிடப் பையன்களுக்கு மூன்று நான்கு மடங்கு அதிகம். டூரெட் என்றாலே கெட்ட வார்த்தை கத்துவது என்று சினிமாவைப் பார்த்து நினைக்கிறோம். உண்மையில் பத்தில் ஒருவர் அல்லது சற்றுக் கூடுதலானவருக்குத்தான் அப்படி வரும்.

அடக்க முடியும், நிறுத்த முடியாது

நான் தவறிய இடம் இதுதான். டிக் வருவதற்கு முன் அந்த இடத்தில் ஓர் அரிப்போ இறுக்கமோ போன்ற உணர்ச்சி எழுகிறது. டிக் வந்ததும் அது சற்றுத் தணிகிறது, மறுபடி சேர்கிறது. காலைப் பிரார்த்தனையில் அசையாமல் நிற்கும்போது கொசு கடித்த இடத்தைச் சொறியாமல் இருந்து பாருங்கள். கொஞ்ச நேரம் முடியும். ஆனால் மனசு முழுக்க அங்கேதான் இருக்கும். டிக்கை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கும் அதே நிலைமைதான். அவன் மீ.பொ.ம. கணக்கைக் கவனிப்பானா, தொண்டையைக் கவனிப்பானா?

இதனால்தான் பள்ளிக்கும் வீட்டுக்கும் சண்டை வருகிறது. “க்ளாஸ்ல நல்லாத்தானே இருக்கான்” என்பார் டீச்சர். “வீட்ல தாங்க முடியலை” என்பார் அம்மா. இருவர் சொல்வதும் உண்மை. பகலெல்லாம் பிடித்து வைத்ததை அவன் வீட்டில் விடுகிறான்.

பள்ளிதான் காரணமா?

இல்லை. பரம்பரைக் கூறும், மூளையில் அசைவுகளை ஒழுங்குபடுத்தும் பகுதிகளின் வேலையில் உள்ள மாறுபாடும்தான் அடிப்படை என்கிறார்கள் மருத்துவர்கள். ஆனால் காலம் பொருந்திவிடுகிறது. பெரும்பாலும் நாலிலிருந்து ஆறு வயதுக்குள், அதாவது பள்ளியில் சேரும் வயதில், இது தொடங்குகிறது. பத்திலிருந்து பன்னிரண்டு வயதில், அதாவது ஐந்தாம் ஆறாம் ஏழாம் வகுப்பில், உச்சத்துக்குப் போகிறது. பதின்பருவம் முடிவதற்குள் பெரும்பாலோருக்கு வெகுவாகக் குறைகிறது, சிலருக்குத் தொடர்கிறது.

பள்ளியால் டிக்கை உண்டாக்க முடியாது. கூட்டவும் குறைக்கவும் முடியும். பரீட்சை பயம், களைப்பு, தூக்கக் குறைவு, புது இடம், பரபரப்பான சந்தோஷம்கூட இதைக் கூட்டும். மாற்றலாகி ஊர் ஊராகப் போகும் நம் குடும்பங்கள் இதைக் கவனத்தில் வைக்க வேண்டும். விளையாட்டு, பாட்டு, மிருதங்கம் என்று மனம் ஒன்றும்போது பலருக்கு டிக் குறைகிறது. தண்டனையாக விளையாட்டு வகுப்பை நிறுத்துவதுபோல ஒரு தவறு வேறில்லை.

இன்னொன்று. “வீட்ல தமிழ், ஸ்கூல்ல இங்கிலீஷ், வெளியில இந்தி, மராத்தி. இத்தனை பாஷை திணிச்சதாலதான்” என்று சிலர் பயந்து, பிள்ளையிடம் தமிழ் பேசுவதை நிறுத்துகிறார்கள். பல மொழி பேசுவதால் டிக் வருவதில்லை. வீட்டில் தாராளமாகத் தமிழ் பேசுங்கள்.

டூரெட் உள்ள பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்குக் கவனக் குறைபாடும் துறுதுறுப்பும் சேர்ந்திருக்கும். எழுதியதையே அழித்து அழித்து எழுதும் கட்டாய எண்ணமும் சிலருக்கு இருக்கும். படிப்பைக் கெடுப்பது பல நேரங்களில் டிக்கைவிட இவைதான். டாக்டரிடம் இதையும் சொல்ல வேண்டும்.

வைத்தியம்

லேசான டிக்குக்குப் பெரும்பாலும் வைத்தியமே வேண்டாம். கண்டுகொள்ளாமல் இருந்தால் போதும். “சிமிட்டாதே, சிமிட்டாதே” என்று சொல்லச் சொல்லக் கூடத்தான் செய்யும். வலி எடுத்தாலோ, படிப்பு கெட்டாலோ, பிள்ளை பள்ளிக்குப் போக அழுதாலோ குழந்தை நல மருத்துவரிடமோ நரம்பியல் அல்லது மனநல மருத்துவரிடமோ காட்டுங்கள்.

பழக்கப் பயிற்சி முறை ஒன்று உண்டு. டிக் வரப்போகும் உணர்ச்சியைப் பிள்ளை முன்கூட்டியே கண்டுகொண்டு, அதற்கு மாற்றான ஓர் அசைவைச் செய்யப் பழக்குவார்கள். செருமல் வரும்போது மெதுவாக மூச்சு விடுவது அத்தகையது. அமெரிக்காவில் 126 பிள்ளைகளிடம் நடத்தி 2010-இல் வெளியான ஆய்வில், இப்பயிற்சி பெற்றவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு நல்ல குணம் தெரிந்தது. மற்ற பிரிவில் ஐந்தில் ஒருவருக்கும் குறைவாகத்தான் தெரிந்தது. கடுமையாக இருந்தால் மாத்திரையும் உண்டு. சில மாத்திரைகள் தூக்கம் வரவழைக்கும். அதை வகுப்பாசிரியரிடம் சொல்லி வையுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

வகுப்பில் செய்யக்கூடியவை

அந்த எட்டாம் வகுப்புப் பெண்ணுக்கு நாங்கள் செய்தவை மிகச் சாதாரணமானவை. முதல் பெஞ்சிலிருந்து கதவோரமாக, யாரும் திரும்பிப் பார்க்க வசதியில்லாத இடத்துக்கு அவளை மாற்றினோம். அடக்க முடியாதபோது கேட்காமலே எழுந்து தண்ணீர் குடிக்கப் போகலாம் என்றோம். பரீட்சையைத் தனி அறையில், கொஞ்சம் கூடுதல் நேரத்தோடு எழுத வைத்தோம். அவள் சம்மதத்தோடு ஒரு நாள் வகுப்பில் அவளே பத்து நிமிஷம் விளக்கினாள். ஒரு பையன் “தும்மல் மாதிரியா?” என்று கேட்டான். “கிட்டத்தட்ட” என்றாள். ஒலி நிற்கவில்லை. ஆனால் இரண்டு வாரத்தில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு ஒலியும் தானே கொஞ்சம் குறைந்தது.

2018-இல் வந்த ‘ஹிச்கி’ இந்திப் படத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அது பிராட் கோஹன் என்ற அமெரிக்கரின் வாழ்க்கையைத் தழுவியது. டூரெட் உள்ள அவரை 24 பள்ளிகள் வேலைக்கு எடுக்க மறுத்தன. 25-ஆவது பள்ளி எடுத்தது. அவர் நல்லாசிரியர் விருதும் பெற்றார். நம் நாட்டிலும் 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு, பிள்ளையை அடிப்பதையும் மனத்துன்பம் தருவதையும் தடை செய்கிறது. வராந்தாவில் நிற்க வைப்பதை நான் அந்தக் கணக்கில்தான் சேர்ப்பேன்.

ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது, இப்படிப்பட்ட பிள்ளை உள்ள வீட்டார் ஒரு பக்கக் கடிதம் ஒன்றை வகுப்பாசிரியரிடம் கொடுங்கள். என்ன டிக், எப்போது கூடும், என்ன செய்தால் உதவி என்று நாலு வரி போதும். டாக்டர் கையெழுத்து இருந்தால் இன்னும் நல்லது. ஆசிரியர்கள் கல் நெஞ்சக்காரர்கள் அல்ல. பலருக்கு என்னைப் போலத் தெரியாது, அவ்வளவுதான்.

அந்தப் பையனுக்கு இப்போது நாற்பது வயது கடந்திருக்கும். எந்த ஊரில் இருக்கிறானோ. அவன் அம்மா அன்று சொன்ன ஒரு வரியில் எல்லாம் அடங்கியிருந்தது. நான்தான் காது கொடுத்துக் கேட்கவில்லை.