தைலப் புட்டியும் தேக்கரண்டியும்

ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஓரிடத்தில் ஒரு சொட்டு நல்லெண்ணெயும், சற்றுத் தள்ளி ஒரு சொட்டு நீலகிரித் தைலமும் இடுங்கள். இரண்டும் தாளில் ஊறி, ஒளி ஊடுருவும் கறைகளாகப் பரவும். தாளைக் காற்றாட வைத்து மறுநாள் பாருங்கள். நல்லெண்ணெய்க் கறை அப்படியே இருக்கும். தைலக் கறையோ ஏறக்குறைய மறைந்து போயிருக்கும்.

இரண்டையும் 'எண்ணெய்' என்றே நாம் சொன்னாலும், அவை வேதியியலில் வெவ்வேறு இனத்தவை. நல்லெண்ணெய், கொழுப்பு அமிலங்களும் கிளிசராலும் சேர்ந்த பெரிய மூலக்கூறுகளால் ஆனது. அது எளிதில் ஆவியாவதில்லை. நீலகிரித் தைலத்தில் இருப்பவை டெர்ப்பீன் வகையைச் சேர்ந்த சிறிய மூலக்கூறுகள். அவை அறை வெப்பத்திலேயே காற்றில் கலந்துவிடுகின்றன. இதனால்தான் இத்தகையவற்றை 'ஆவியாகும் எண்ணெய்கள்' என்கிறோம். கிராம்பு எண்ணெய், எலுமிச்சைப்புல் எண்ணெய், லாவெண்டர் எண்ணெய் ஆகியவையும் இந்த இனமே.

இலையும் புட்டியும்

"இலையிலிருந்து எடுத்ததுதானே, என்ன கெடுதல் வந்துவிடும்?" என்று நீங்கள் கேட்கலாம். இலையில் உள்ள அளவையும் புட்டியில் உள்ள அளவையும் ஒப்பிட்டுப் பார்ப்போம்.

ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த யூகலிப்டஸ் மரம் 1840களில் நீலகிரி மலையில் நடப்பட்டது. அதன் இலைகளை நீராவியில் வேகவைத்து, வரும் ஆவியைக் குளிரச் செய்து, நீரின்மேல் மிதக்கும் எண்ணெயைப் பிரித்தெடுக்கிறார்கள். 100 கிலோ இலையில் கிடைப்பது ஏறத்தாழ 1 முதல் 2 கிலோ எண்ணெய்தான். ஆகவே ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லி லிட்டர் தைலத்தில், கால் கிலோ முதல் அரை கிலோ வரை இலையின் சாரம் அடங்கியிருக்கிறது. அவ்வளவு இலையை ஒருவர் ஒரே வேளையில் மென்று தின்ன மாட்டார். ஆனால் ஒரு தேக்கரண்டித் தைலம் ஒரே விழுங்கில் உள்ளே போய்விடும்.

குழந்தையின் உடலில்

நீலகிரித் தைலத்தின் முக்கியப் பொருள் சினியோல். கொழுப்பில் எளிதில் கரையும் இச்சிறு மூலக்கூறு, குடலிலிருந்து இரத்தத்திற்கும் அங்கிருந்து மூளைக்கும் விரைவில் சென்றுவிடுகிறது. 60 கிலோ எடையுள்ள பெரியவருக்கும் 10 கிலோ எடையுள்ள குழந்தைக்கும் ஒரே அளவு உள்ளே போனால், குழந்தையின் உடலில் அதன் செறிவு ஆறு மடங்காகிவிடும். ஒரு தேக்கரண்டி அளவே சிறு குழந்தைகளுக்கு மயக்கத்தையும் வலிப்பையும் உண்டாக்கியதாக மருத்துவ ஏடுகளில் பதிவுகள் உள்ளன. அரை மணி நேரத்திற்குள்ளேயே அறிகுறிகள் தோன்றக்கூடும்.

இது எப்படி நேர்கிறது? இருமல் மருந்துப் புட்டியும் தைலப் புட்டியும் ஒரே அலமாரியில் அருகருகே இருக்கும். நள்ளிரவில் குழந்தை இருமுகிறது. மங்கிய வெளிச்சத்தில் கை தவறான புட்டியை எடுத்துவிடுகிறது.

வலி நீக்கத் தடவும் விண்டர்கிரீன் தைலம் இன்னும் கொடியது. அதிலுள்ள மெத்தில் சாலிசிலேட், ஆஸ்பிரினுக்கு நெருங்கிய உறவுடைய பொருள். அந்தத் தைலத்தில் ஒரு தேக்கரண்டி, 20க்கும் மேற்பட்ட ஆஸ்பிரின் மாத்திரைகளுக்குச் சமம்!

கற்பூரத்தையும் மறக்கக் கூடாது. கற்கண்டு என்று எண்ணிக் குழந்தைகள் அதை வாயில் போட்டுக்கொள்வதுண்டு. ஒரு கிராம் கற்பூரமே சிறு குழந்தையின் உயிரைப் பறிக்கக்கூடும். கற்பூரம் கலந்த எண்ணெயை மருந்தாக விற்பதை அமெரிக்கா 1982இல் நிறுத்தியது. நம் வீடுகளிலோ சளிக்குத் தேங்காய் எண்ணெயில் கற்பூரத்தைக் காய்ச்சிக் கைக்குழந்தையின் மார்பில் தடவும் வழக்கம் இன்றும் உள்ளது. இரண்டு வயதிற்குட்பட்ட குழந்தைகளுக்கு இதைச் செய்யக் கூடாது. மூக்கில் தைலம் தடவுவதும் கூடாது. குழந்தையின் மூச்சுக் குழல் சட்டென்று சுருங்கித் திணறல் ஏற்படலாம்.

பெரியவர்கள் பயன்படுத்தும்போது

தோலில் தடவுவதானால் தேங்காய் எண்ணெயிலோ நல்லெண்ணெயிலோ கலந்தே தடவ வேண்டும். 1 மில்லி லிட்டர் ஏறத்தாழ 20 சொட்டு. ஆகையால் ஒரு தேக்கரண்டித் தேங்காய் எண்ணெயில் 2 சொட்டு கலந்தால் 2 விழுக்காடு ஆகும்; இது போதும். முதலில் முழங்கையின் உட்புறம் சிறிது தடவி ஒரு நாள் பாருங்கள். சிவந்தாலோ அரித்தாலோ விட்டுவிடுங்கள். பல்வலிக்குக் கிராம்பு எண்ணெயை அப்படியே வைத்தால் ஈறு வெந்துவிடும். பழைய எண்ணெய் காற்றுடன் சேர்ந்து ஆக்சிகரணமடைந்து, தோலுக்கு ஒவ்வாமை தருவதாக மாறுகிறது. எனவே புட்டியை இறுக மூடி, வெளிச்சம் படாத குளிர்ந்த இடத்தில் வையுங்கள்.

வலிப்பு நோய் உள்ளவர்கள் நீலகிரித் தைலத்தையும் கற்பூரத்தையும் தவிர்ப்பது நல்லது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இவற்றின் நெடியே மூச்சுத் திணறலைத் தூண்டலாம்.

ஆவி பிடிக்கும்போது கொதிநீர்ச் சட்டி கவிழ்வதால் வெந்துபோவோர் பலர். சட்டியை உறுதியான இடத்தில் வைத்து, அடுப்பை அணைத்த பின்பே தைலம் விடுங்கள். ஏனெனில் நீலகிரித் தைலம் சுமார் 50 டிகிரி செல்சியஸிலேயே தீப்பற்றக்கூடிய ஆவியைத் தருகிறது. ஆரஞ்சுத் தோலை மெழுகுவத்திச் சுடரருகே மடித்துப் பிழிந்தால் பொறி பறப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் ஆவியாகும் எண்ணெய் எரிவதே.

தவறிக் குடித்துவிட்டால்

வாந்தி எடுக்க வைக்காதீர்கள். எண்ணெய் மேலே வரும்போது நுரையீரலுக்குள் புகுந்து கடும் அழற்சியை உண்டாக்கும். பாலோ விளக்கெண்ணெயோ உப்புநீரோ புகட்ட வேண்டாம். "குழந்தை நன்றாகத்தானே இருக்கிறது" என்று காத்திருக்கவும் வேண்டாம். 108ஐ அழையுங்கள்; அல்லது உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். புட்டியையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். எந்தத் தைலம், எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதை மருத்துவர் அதைப் பார்த்தே அறிவார். கண்ணில் பட்டால் கால் மணி நேரம் சுத்தமான நீரால் கழுவிய பின் மருத்துவரிடம் காட்டுங்கள். தோலில் கொட்டினால் வெறும் நீர் போதாது. சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

இந்தக் கட்டுரையைப் படித்து முடித்ததும் உங்கள் வீட்டு மருந்து அலமாரியைத் திறந்து பாருங்கள். தைலப் புட்டி இருமல் மருந்துக்குப் பக்கத்தில் இருந்தால், அதை இன்றே எடுத்து, குழந்தைகளின் கைக்கு எட்டாத வேறோர் உயரமான இடத்தில் பூட்டி வையுங்கள். புட்டியின் மேல் 'குடிக்கக் கூடாது' என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள்.